ஆஸ்பத்திரியில் நெருப்பு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னி ஆஸ்பத்திரிகளில் தீப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகும் இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வவுனியாவில் ஒரு தாதி கேட்டதை மாங்குளத்தில் சிற்றூழியர் கேட்கிறார். அதையே புதுக்குடியிருப்பில் நோயாளியோடு நிற்கும் அம்மாவும் கேட்கிறார். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்.

சீமெந்துக் கட்டடம்தானே, ஆஸ்பத்திரியில என்ன எரியப் போகுது?

சுவர் எரியாது, உள்ளே இருப்பது எரியும். ரெக்சின் உறைக்குள் இருக்கும் பஞ்சு மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்ரிக் கதிரை, சேலைன் வந்த மட்டைப் பெட்டிகள், பழைய நோயாளர் கோவைகள், ஸ்பிரிட், கைக்குப் பூசும் சானிடைசர், குசினியில் காஸ். மெத்தைப் பஞ்சு மட்டுமே ஒரு அறையைச் சில நிமிடங்களில் கரும்புகையால் நிரப்பப் போதும்.

கடையிலோ வீட்டிலோ நெருப்பு வந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். இங்கே ஓட முடியாதவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். காலில் இழுவை போட்டவர், சிசேரியன் முடிந்து சில மணித்தியாலமே ஆன தாய், மயக்கம் தெளியாதவர். ஆஸ்பத்திரிக்கென்று தனியாக யோசிக்க வேண்டியிருப்பது இவர்களுக்காகத்தான்.

நெருப்பைக் கண்டால் முதல் என்ன செய்யோணும்?

நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளை முதலில் விலக்குங்கள். விலக்கிக்கொண்டே சத்தம் போடுங்கள்: "மூன்றாம் வாட்டு ஸ்டோரில் நெருப்பு" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே "ஐயோ நெருப்பு" என்று கத்தினால் ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நெருப்பை நோக்கியே ஓடி வருவார்கள். அடுத்தது, எரியும் அறையின் கதவைச் சாத்துங்கள். அதன் பிறகுதான் அணைக்கும் வேலை, அதுவும் சின்ன நெருப்பாக இருந்தால்.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வாளியைத் தேடுகிறார்கள், கதவை யாரும் சாத்துவதில்லை. சாதாரண மரக் கதவுகூடச் சாத்தியிருந்தால் புகையையும் சூட்டையும் சில நிமிடங்கள் மறித்து வைக்கும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு வாட்டையே வெறுமையாக்கலாம்.

110க்கு அடிச்சால் வருவினம்தானே?

அடிக்கத்தான் வேண்டும், உடனே அடிக்க வேண்டும். 110 தீயணைப்பு இலக்கம், 119 பொலிஸ். அவற்றோடு உங்களுக்குக் கிட்ட இருக்கும் நகர, பிரதேச சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு வாட்டிலும் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வையுங்கள். நெருப்பு நேரத்தில் கைத்தொலைபேசிக்குள் இலக்கம் தேட ஒருவருக்கும் கை வராது.

ஆனால் வன்னியில் தூரத்தைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது அங்கே தீயணைப்பு வாகனம் இருக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர்வதற்குள் கடைகள் வரிசை வரிசையாகப் போய்விட்டன. அதன் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு வந்தது. வவுனியா நகரத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது. இருந்தாலும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வாகனம் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்தான். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

புகைதானே, நெருப்பு தூரத்திலதானே எரியுது. ஏன் அவசரப்படோணும்?

தீ விபத்தில் சாகிறவர்களில் பலர் எரிந்து சாவதில்லை. புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது, அதற்கு மணம் இல்லை. இரத்தம் ஒக்சிசனுக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொள்ளும். நான்கைந்து மூச்சில் தலை சுற்றும், கால் சோரும், கதவு எங்கே இருக்கிறது என்ற நினைவே போய்விடும். ஏற்கெனவே மூச்சுக்குக் கஷ்டப்படும் நோயாளிக்கு அந்த அவகாசமும் கிடையாது.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லா வகுப்பிலும் சொல்வேன். நெருப்பு பிடித்தது நிலக்கீழ் தளத்தில். வாகனம் நிறுத்துவதற்கென்று இருந்த இடத்தில் எரியக்கூடிய சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவாலை மேல் மாடி வாட்டுகளுக்குப் போகவில்லை, புகைதான் போனது. யன்னல்கள் திறக்க முடியாத கண்ணாடி. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் கட்டிலில் படுத்தபடியே மூச்சுத் திணறி. உங்கள் ஆஸ்பத்திரியில் படிக்கட்டுக்குக் கீழே உடைந்த கட்டிலும் பழைய மெத்தையும் மட்டைப் பெட்டியும் குவிந்து கிடந்தால், இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். படிக்கட்டு என்பது புகை மேலே ஏறும் குழாயும்தான். அந்தக் குவியலை அகற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, நாலு பேர் அரை நாள் நின்றால் முடிந்துவிடும்.

புகைக்குள் போக நேர்ந்தால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போங்கள். சூடான புகை மேலே நிற்கும், நிலத்தோடு நல்ல காற்று கொஞ்சம் இருக்கும். லிப்ட் இருந்தால் அதில் ஏறவே வேண்டாம்.

ஒக்சிசன் எரியுமோ? ஒருத்தர் எரியும் எண்டுறார், ஒருத்தர் எரியாது எண்டுறார்.

ஒக்சிசன் எரியாது, எரிவதை எரிய வைக்கும். நாங்கள் மூச்சு விடும் காற்றில் அது 21 சதவீதம். கட்டிலைச் சுற்றி அந்த அளவு கொஞ்சம் கூடினாலே, வழக்கமாக மெதுவாகக் கருகும் பெட்சீற் பக்கென்று பிடித்துக்கொள்ளும். தீப்பொறி விழுந்தால் அணைந்துவிடும் என்று நீங்கள் நினைக்கும் துணி அங்கே அணையாது. 2021 ஏப்ரலில் பக்தாத் இப்னு அல்-கதீப் ஆஸ்பத்திரியில் கொரோனா வாட்டு எரிந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்ததில் ஒக்சிசன் சிலிண்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. துணி, தலைமயிர், போர்வை எல்லாம் ஒக்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். மாஸ்க்கைக் கழற்றியவுடன் ஐயா வெளியே போய் பீடி பற்ற வைப்பது மிக ஆபத்தான காரியம். குறைந்தது 15 நிமிடமாவது காற்றோட்டத்தில் இருந்துவிட்டுத்தான் நெருப்புக்குக் கிட்டப் போகலாம். (பீடியை விடச் சொல்வது வைத்தியரின் பாடு. நான் நேரத்தைத்தான் சொல்கிறேன்.) மாஸ்க்கைக் கழற்றிக் கட்டிலில் வைத்தால் ஒக்சிசனையும் பூட்டிவிடுங்கள். போர்வைக்கு மேலே "சர்" என்று ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்க்கைச் சோறு சாப்பிடும் நேரத்தில் எந்த வாட்டிலும் காணலாம்.

தலைக்கு எண்ணெய் வைச்ச ஆளுக்கு ஒக்சிசன் குடுக்கப்படாது எண்டு சொல்லினம், உண்மையோ?

குடுக்கலாம். மூச்சுத் திணறும் ஆளுக்குத் தலையில் நல்லெண்ணெய் இருக்கிறது என்று ஒக்சிசனை நிறுத்தி வைக்காதீர்கள். நெருப்போ பொறியோ கிட்ட வராதவரை அந்த எண்ணெய் தானாகப் பற்றாது. மூக்கைச் சுற்றி எண்ணெயோ வாசலினோ பூசுவதை மட்டும் தவிருங்கள், உதடு காய்ந்தால் தண்ணீர்ப் பசையுள்ள பூச்சு போதும்.

எண்ணெய் பயப்பட வேண்டிய இடம் சிலிண்டரின் வாய். காற்றடித்த கார் ரயருக்குள் இருப்பது இரண்டு பார் அளவு அழுத்தம், நிரம்பிய ஒக்சிசன் சிலிண்டருக்குள் 130 பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் வால்விலோ ரெகுலேற்றரிலோ ஒட்டிய எண்ணெய், கிறீஸ் தானாகவே தீப்பற்றும். இறுகிவிட்டது என்று மெஷின் ஒயில் விடாதீர்கள். பராட்டா சாப்பிட்ட கையோடு திறக்காதீர்கள். திறக்கும்போது மெதுவாகத் திறவுங்கள்.

போன் சார்ஜ் போடுறதால என்ன வரப்போகுது? சின்னச் சாமான்தானே.

சார்ஜர் இழுக்கும் கரண்ட் சின்னதுதான். ஆனால் அதைத் தலையணைக்குக் கீழே, மெத்தைக்கு மேலே வைத்தால் சூடு போக வழியில்லை. பற்றரி பழசானால், விழுந்து நெளிந்திருந்தால், மலிவு பவர் பாங்காக இருந்தால் சூடேறி வெடித்து எரியும். அது ஒக்சிசன் ஓடும் கட்டிலில் நடந்தால் என்னவாகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். சார்ஜ் போடுவதற்கு வாட்டு வாசலில் ஒரு மேசை ஒதுக்கினால் சண்டையும் வராது.

உண்மையான பாரம் கேற்றிலும் ஹீற்றரும். 13 அம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாற். ஒரு கேற்றில் 2,000 வாற் வரை இழுக்கும். ஒரு மல்ரி பிளக்கில் இரண்டு கேற்றில் போட்டால் கணக்கு அங்கேயே பிழைத்துவிட்டது. சந்தையில் வாங்கும் மல்ரி பிளக் பலவற்றின் உள்ளே இருக்கும் தகடும் வயரும் அந்த 3,000 வாற்றையே தாங்காது. தாதியர் அறையில் தேத்தண்ணிக்கு ஒரு கேற்றில், சுவரில் இருக்கும் பிளக்கில் நேரடியாக. அவ்வளவுதான்.

கரண்ட் சோட் எண்டால் ட்ரிப் சுவிட்ச் விழும்தானே, பிறகேன் பயம்?

இதைக் கேட்டவர் மின்வேலை தெரிந்த ஒரு தம்பி, நல்ல கேள்வி. வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் பிரேக்கர் விழும். நிலத்துக்குக் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். ஆனால் முறுக்காணி தளர்ந்து, தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பில் ஓடுவது வழமையான கரண்ட்தான். இரண்டு சுவிட்சுக்கும் அது பிழையாகத் தெரியாது. அந்த ஒரு புள்ளி மட்டும் சூடேறி, பிளாஸ்ரிக் பழுப்பாகி, கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

இதனால் நான் அதிகம் கவலைப்படுவது இரவு பகலாக ஓடும் ஏசிகளைப் பற்றி: அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, மருந்துக் களஞ்சியம். அவற்றுக்கு ஓய்வே இல்லை. பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம், மீன் நாற்றம் போல ஒரு மணம், சுவிட்சில் "சிர்" என்ற சத்தம், லைற் மினுங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள். எலி கடித்த வயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குள் எலி ஓடும் சத்தம் கேட்டால் அது மின்வேலைக்காரருக்கும் செய்திதான்.

சிவப்புச் சிலிண்டர் எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. தீயணைக்கும் சிலிண்டர்களில் தண்ணீர் உள்ளது துணி, கடதாசி, மரம் எரிந்தால். அதைக் கரண்டிலும் எண்ணெயிலும் அடிக்கவே கூடாது. காபனீரொட்சைட்டு கரண்ட் சாமானுக்கு நல்லது, அழுக்கும் விடாது. ஆனால் அடிக்கும்போது அதன் புனல் உறையும் அளவுக்குக் குளிரும், கைபிடியில்லாத புனலை வெறும் கையால் பிடித்தால் தோல் போய்விடும். சின்ன அறைக்குள் அடித்தால் மூச்சடைக்கும், அடித்துவிட்டு வெளியே வாருங்கள். உலர் தூள் அனேகமான எல்லாவற்றுக்கும் சரிவரும், அறை முழுக்கத் தூளாகும், கண் தெரியாது. எதில் எது என்று வெளியே எழுதியிருக்கும். நெருப்பு இல்லாத இன்றைக்கே போய் வாசியுங்கள்.

தூள் உள்ளதில் ஒரு சின்ன மானி இருக்கும், முள் பச்சையில் நிற்க வேண்டும். காபனீரொட்சைட்டில் மானி இருக்காது, எடை நிறுத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் "முள்ளே இல்லை, இது பழுது" என்று ஒதுக்காதீர்கள்.

அதை எப்பிடி அடிக்கிறது? நான் ஒருநாளும் தொட்டதில்லை.

ஊசியை இழுங்கள். குழாயை நெருப்பின் அடிப்பக்கத்துக்கு நீட்டுங்கள், சுவாலைக்கு அல்ல. பிடியை அமத்துங்கள். இடம் வலமாக வீசுங்கள். ஊசியை இழுக்கும்போது பிடியை அமத்திக்கொண்டு இழுத்தால் ஊசி வராது. பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். சின்னச் சிலிண்டர் பத்துப் பதினைந்து செக்கனில் முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தளவு நெருப்பு வரைக்கும் நாங்கள் அடிக்கலாம்?

குப்பைக் கூடையளவு. அதுவும் உங்களுக்குப் பின்னால் வெளியே போகும் வழி இருந்தால். ஒரு சிலிண்டர் முடிந்தும் அடங்கவில்லை என்றால், அல்லது நிமிர்ந்து நிற்க முடியாத அளவு புகை இறங்கிவிட்டால், கதவைச் சாத்திவிட்டு ஆட்களை எடுக்கப் போங்கள்.

ஆரை முதல் வெளியில எடுக்கிறது? நடக்கிறவையை விட்டால் படுக்கையில கிடக்கிறவையின்ர கதி?

நெருப்புக்கு மிகக் கிட்ட இருப்பவர் முதலில், அவர் யாராக இருந்தாலும். அதற்குப் பிறகு நடக்கக்கூடியவர்கள், பிறகு தள்ளுவண்டிக்காரர், பிறகு படுக்கையில் கிடப்பவர்கள். கேட்கக் கொடுமையாகத் தோன்றும், நானும் அதைச் சொல்லும்போது வகுப்பில் முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். ஆனால் நடக்கிற இருபது பேரை ஒருவர் கூட்டிக்கொண்டு போக ஒரு நிமிடம்தான். அவர்கள் போனால் பாதை காலியாகும், மிச்ச எல்லாக் கையும் தூக்கும் வேலைக்கு வரும். நடக்கிறவர்களிலேயே திடமான ஒருவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டும் போகலாம்.

அவர்களை வெளி முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றில்லை. ஒரு கதவு தாண்டிய அடுத்த வாட்டுக்கு, அதே தளத்தில். மாடிக் கட்டடத்தில் இதுதான் உயிர் காக்கும். படியிறக்கும் வேலையை அங்கிருந்து ஆறுதலாக முடிவெடுக்கலாம்.

எழும்பேலாத ஆளை இரவு டியூட்டியில ஒரு மிஸ் தனிய எப்பிடித் தூக்கிறது?

தூக்காதீர்கள், இழுங்கள். கட்டிலின் பிறேக்கைப் போட்டு முடிந்தவரை பதியுங்கள். பக்கத்து நிலத்தில் தடித்த போர்வையை விரியுங்கள், நோயாளியின் தலைப் பக்கம் நீளமாக விடுங்கள். கால்களை முதலில் இறக்குங்கள். பிறகு பின்னால் நின்று இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்து, உங்கள் துடையில் சறுக்கியபடி மெதுவாக நிலத்தில் இருத்திப் படுக்க வையுங்கள். போர்வையைச் சுற்றி, தலைமாட்டு நுனியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்து, தலை நிலத்தில் இடிபடாத அளவுக்கு உயர்த்திக்கொண்டு பின்னோக்கி நடவுங்கள். ரைல்ஸ் நிலத்தில் ஐம்பது கிலோ உடம்புள்ள தாதியும் எழுபது கிலோ ஆளை இழுத்துவிடலாம். ஒருமுறை செய்து பார்த்தவருக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் கை போகும்.

2008, 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகள் இடம் இடமாக நகர்ந்தபோது பாயிலும் சாரத்திலும் நோயாளிகளைக் கொண்டுபோன ஊழியர் யாரும் உங்கள் வாட்டில் இருந்தால், பயிற்சியை அவர் முன்னால் நின்று நடத்தட்டும். அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை.

குழந்தைப் பிள்ளையள் பெட்டிக்குள்ள இருக்குதுகள். அதுகளை என்ன செய்யிறது?

2024 நவம்பர் 15 இரவு இந்தியாவின் ஜான்சியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகள் பிரிவு எரிந்தது. அன்றிரவே 10 குழந்தைகள் இறந்தன, பலவற்றை யன்னலை உடைத்து எடுத்தார்கள். அந்தப் பிரிவில்தான் கரண்ட் சாமானும் ஒக்சிசனும் ஏசியும் மிக நெருக்கமாக இருக்கின்றன. தன்னைத் தானே அசைக்க முடியாத உயிர்களும் அங்கேதான். ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இடத்தைத்தான் இந்த மாதம் சரிபார்க்க முடியும் என்றால் அங்கே போங்கள்.

பெட்டியை, அதாவது இன்கியுபேற்றரை, தள்ளிக்கொண்டு ஓட வேண்டாம், வாசலில் சிக்கும். பிள்ளையை எடுங்கள், துணியில் சுற்றி நெஞ்சோடு அணையுங்கள். ஒருவர் இரண்டு பிள்ளையைக் கொண்டுபோகலாம். முன்பக்கம் பெரிய பை வைத்துத் தைத்த ஏப்ரனை வாசலில் தொங்கவிட்டால் ஒருவர் நாலு பேரைக்கூடக் கொண்டுபோகலாம், உங்கள் ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார். காலில் கட்டிய அடையாளப் பட்டி கழராமல் பாருங்கள்.

வென்டிலேற்றரில இருக்கிறவர்? ஒக்சிசன் மெயினைப் பூட்டினால் அவர் செத்துப்போவாரே.

அதனால்தான் பூட்டும் முடிவை ஒருவர் எடுக்க வேண்டும், அந்த நேரம் பொறுப்பில் இருக்கும் தாதி அல்லது வைத்தியர். நெருப்பு இருக்கும் பகுதியின் வால்வைத்தான் பூட்டுவது, முழு ஆஸ்பத்திரிக்கும் அல்ல. பூட்டுமுன் அந்தக் குழாயில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, சின்னச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். அது கிட்ட இல்லையென்றால், கையால் அமத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையால் (Ambu bag) வெறும் காற்றையே அமத்திக்கொண்டு நகருங்கள். 21 சதவீத ஒக்சிசன் அதிலும் இருக்கிறது, சில நிமிடங்களுக்கு அது புகையைவிட எவ்வளவோ மேல். ஒவ்வொரு வென்டிலேற்றர் கட்டிலிலும் ஒரு அம்பு பை தொங்க வேண்டியதும் இதற்காகத்தான்.

வால்வு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் திருப்பிக் கேட்டால் பல இடங்களில் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் அலுமாரி வைத்து மறைத்திருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.

தியேட்டருக்குள்ள நெருப்பு வருமோ?

வரும், சத்திரசிகிச்சை மேசையில் கிடக்கும் நோயாளியின் உடம்பிலேயே. தோலில் பூசிய ஸ்பிரிட் காயுமுன் துணியைப் போர்த்திவிட்டு, சூட்டுக் கருவியால் வெட்டத் தொடங்கினால் போதும். ஆவி துணிக்குக் கீழே தேங்கி நிற்கும், பக்கத்தில் ஒக்சிசனும் ஓடும். அற்ககோல் கலந்த மருந்து காயக் குறைந்தது மூன்று நிமிடம் விட வேண்டும். மயிருள்ள இடத்தில் ஒரு மணித்தியாலம் வரையும் ஆகலாம். வழிந்து முதுகுக்குக் கீழே தேங்கியதையும் துடையுங்கள். அற்ககோல் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், துணி கருகும்போதுதான் தெரியவரும்.

சானிடைசர் போத்தலும் அப்பிடியோ?

அதே அற்ககோல்தான். எங்கள் ஓகஸ்ட் வெயிலில் அது எந்நேரமும் ஆவி விடும் நிலையில்தான் இருக்கிறது. சுவிட்சுக்கு மேலே மாட்டாதீர்கள், சொட்டும். பெரிய கான்களை வாட்டுக்குள் அடுக்காமல் வெளியே நிழலும் காற்றுமுள்ள இடத்தில் வையுங்கள். பூசிய கை காய்ந்த பிறகு வேலை.

இரவில இரும்புக் கேற்றைப் பூட்டாட்டில் நாயும் கள்ளனும் வருது. பூட்டினால் பிழை எண்டுறீங்கள். என்னதான் செய்யிறது?

பிரச்சினை உண்மையானது, "பூட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வெளியிலிருந்து வர முடியாமலும் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடியதாகவும் கொண்டி போடலாம். வெல்டிங் கடையில் செய்யும் வேலைதான். அது வரும்வரை, உள்பக்கத்தில் கேற்றுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் ஒரு சாவி எப்போதும் தொங்க வேண்டும். காவலாளியின் சட்டைப்பையில் இருக்கும் ஒற்றைச் சாவியை நம்பி நாற்பது பேரைப் பூட்டி வைக்கக் கூடாது. நாய் கடித்தால் ஊசி போடலாம்.

வாணி விழாவுக்கும் விளக்குக் கொளுத்தப்படாதோ?

கொளுத்துங்கள். வாட்டுக்குள் வேண்டாம். வெளி மண்டபத்தில், சீமெந்து நிலத்தில், திரைச்சீலைக்கும் தோரணத்துக்கும் தள்ளி. எரியும்வரை ஒருவர் கிட்ட இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல். கற்பூரத் தட்டை ஒக்சிசன் ஓடும் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள், திருநீற்றைக் கொண்டுபோய்ப் பூசுங்கள். வெசாக், நத்தார் மின்குமிழ் மாலைகளுக்கும் மல்ரி பிளக் பற்றிச் சொன்னது பொருந்தும்.

நுளம்புத்திரியைக் கட்டிலுக்குக் கீழே வைப்பதை மட்டும் எந்தச் சமாதானத்தோடும் ஏற்க மாட்டேன். வலை கட்டுங்கள். 2022இல் நாட்டில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்து மெழுகுதிரி லாச்சிக்குள் இன்னும் கிடந்தால் எடுத்துவிட்டு ரோச் லைற் வையுங்கள்.

வெளியில பத்தை எரிஞ்சால் ஆஸ்பத்திரிக்கு வருமோ?

சோளகம் வீசும் மாதங்களில் வரும். காய்ந்த இலுக்கம்புல்லில் நெருப்பு காற்றோடு ஓடும். வளவுக்குள் கழிவை எரிப்பதை அந்தக் காலத்தில் நிறுத்துங்கள், சிகரெட் துண்டும் அதேதான். வேலியோரம் சில மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செருக்கி வெறும் நிலமாக விடுங்கள். ஜெனரேற்றர் அறை, டீசல் பரல், ஒக்சிசன் களஞ்சியம், இவற்றைச் சுற்றி ஆனி மாதத்துக்கு முன்னரே செருக்கி முடியுங்கள். காற்றுப் பக்க யன்னல்களைச் சாத்த ஒருவர் பொறுப்பு.

ஓகஸ்டில குடிக்கவே தண்ணி இல்லை. நெருப்புக்கு எங்க போறது?

இதற்கு நல்ல வழி குழாய் வேலையில் இருக்கிறது. மேல் தாங்கியில் இரண்டு வாய் வையுங்கள். தீயணைப்புக் குழாய்க்குப் போகும் வாய் அடியில். வாட்டுக்கும் குசினிக்கும் போகும் வாய் அதைவிட உயரத்தில். தண்ணீர் குறையும்போது வாட்டுக் குழாய் முதலில் நின்றுவிடும், அடியில் உள்ளது நெருப்புக்கென்று மிஞ்சும். யாரும் கணக்குப் பார்த்து மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. பௌசர் வந்து திரும்பும் அளவுக்கு வளவுப் பாதையையும் விடுங்கள், இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்தான் நிற்கிறது.

பயிற்சி வைச்சால் நோயாளியள் பயப்பிடுவினம் எண்டு பெரியாக்கள் சொல்லினம்.

நோயாளியைத் தொடாமலே வைக்கலாம். வெறும் கட்டிலில் ஒரு ஊழியர் படுக்கட்டும், மற்றவர் போர்வையில் இழுக்கட்டும். பயிற்சிக்கு முதல் நாளே வாட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இரவு ஆட்கள் குறைந்த நேரத்துக்கும் ஒரு பயிற்சி கட்டாயம், பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் நிற்கும்போது செய்வது பாதிப் பயிற்சிதான். நோயாளியோடு நிற்கும் உறவினரையும் கூப்பிடுங்கள். உங்களைவிட அதிக கை அவர்களுடையது.

நான் சிற்றூழியர். பிளக் கருகுது எண்டு சொன்னால் ஆர் கேப்பினம்?

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வாட்டுக் குறிப்புப் புத்தகத்தில் திகதி, நேரம், இடம் போட்டு எழுதுங்கள். எழுதத் தயக்கம் என்றால் பொறுப்புத் தாதியிடம் சொல்லி எழுதுவியுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு கிழமையில் அசைவில்லை என்றால் அத்தியட்சகருக்கு ஒரு வரிக் கடிதம், பிரதி வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்கு. புதிய பிளக்குக்கும் வயருக்கும் காசு கொடுக்க வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் பலர் ஆயத்தம், ஆனால் அவர்களிடம் கேட்பதற்கும் எழுதிய தாள் வேண்டும்.

அதுவரை அந்தப் பிளக்கின் சுவிட்சை நிறுத்தி, மேலே பிளாஸ்ரர் ஒட்டி, "பாவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.